கடல் இல்லாத ஊருக்குக் கடல் கவலை எதற்கு? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் தண்ணீர்க் கேள்விகள்

பிப்ரவரி பாதி தாண்டினால் போதும். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர், கே.ஆர்.புரம் என்று நம்ம ஆட்கள் இருக்கிற எந்தப் பகுதியிலும் பேச்சு தண்ணியில் வந்துதான் நிற்கும். காவேரி விட்டாங்களா, டேங்கர் என்ன ரேட்டு, போர்வெல் ஓடுதா. இப்போதெல்லாம் அந்தப் பேச்சில் காலநிலை மாற்றமும் கலந்துவிடுகிறது. பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் அதையே காரணம் சொல்கிறார்கள், மீதிப் பேர் அது பனிக்கரடிக்கும் மாலத்தீவுக்காரருக்கும் வர வேண்டிய கவலை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் சரியில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இருப்பது கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே. கடல் சூடானால் நமக்கென்ன?

உங்கள் வீட்டுச் சம்ப்பில் விழும் காவிரித் தண்ணீர் கிளம்புகிற இடமே கடல்தான். ஜூன் தொடங்கி அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மழையாகக் கொட்டுகிறது. குடகில் பெய்வது கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜசாகர்) அணைக்குப் போகிறது, வயநாட்டில் பெய்வது கபினி அணைக்கு. அங்கிருந்து இறங்கி வருவதை மண்டியா மாவட்டம் தொரேகாடனஹள்ளியில் எடுத்துச் சுத்திகரித்து, வழியில் மூன்று இடங்களில் பம்ப் வைத்துக் கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, நூறு கிலோமீட்டர் தூரம் குழாயில் கொண்டு வருகிறார்கள். ஆக, அரபிக்கடலில் ஏதாவது மாறினால் அந்த மாற்றம் குடகு வழியாக நம் மோட்டார் சுவிட்ச் வரைக்கும் வந்தே தீரும்.

மாறிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் பூமியில் கூடுதலாகத் தேக்கி வைக்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. மேற்கு இந்தியப் பெருங்கடல், அதாவது நமக்கு மழை அனுப்புகிற பக்கம், கோடை மாதங்களில் நூறு ஆண்டுக்குள் சுமார் 1.2 டிகிரி சூடேறியிருப்பதாக புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழு காட்டியிருக்கிறது. ஒன்றேகால் டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் பருவக்காற்று ஓடுவதே நிலம் சூடாகவும் கடல் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கிற வித்தியாசத்தால்தான். கடல் சூடேறச் சூடேற அந்த வித்தியாசம் சுருங்கி காற்று சோர்ந்துபோகிறது. இன்னொரு பக்கம், காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று சோர்வாக வரும், வந்தால் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இப்போது நாம் பார்க்கிற மழை.

அப்ப மழை வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகுதா?

இல்லை. இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பெங்களூரில் சராசரியாக வருஷத்துக்கு 970 மி.மீ. அளவில் மழை பெய்கிறது, டெல்லியைவிட அதிகம். மொத்தக் கணக்கு அப்படி ஒன்றும் மோசமில்லை. கெட்டுப்போனது மழையின் நேரம். முப்பது நாளில் நிதானமாகப் பெய்ய வேண்டியது மூன்று நாளில் வந்துவிட்டு, மீதி நாளெல்லாம் வானம் வெளுத்துக் கிடக்கிறது. மத்திய இந்தியாவில் பரவலான பேய்மழை நிகழ்வுகள் 1950-க்கும் 2015-க்கும் இடையில் மூன்று மடங்கானதாக அதே புனே குழு 2017-ல் எழுதியது. அணை, ஏரி, கிணறு, நிலத்தடி எல்லாமே நிதானமான மழையை நம்பிக் கட்டப்பட்டவை. மூன்று நாள் மழையைப் பிடித்து வைக்க நம்மிடம் இடமில்லை.

2024-ஐயே பாருங்கள். மார்ச்சில் ஊர் முழுக்கக் காலிக் குடத்தோடு வரிசையில் நின்றது. அதே வருஷம் ஜூலை கடைசிக்குள் கே.ஆர்.எஸ். 124.8 அடி முழுக்கொள்ளளவைத் தொட்டது, கீழே மேட்டூரும் 120 அடிக்கு நிரம்பியது. அந்த மழைதான் ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் மலையைச் சரித்து சூரல்மலை, முண்டக்கையை அழித்தது. பஞ்சத்துக்கும் பேரழிவுக்கும் நடுவில் நாலே மாதம்.

எல் நினோ, எல் நினோ என்கிறார்களே, அதுவும் காலநிலை மாற்றமும் ஒன்றா?

வேறு வேறு. எல் நினோ பசிபிக் கடலில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இயற்கையாகவே வரும் சூடேற்றம். அது வருகிற ஆண்டுகளில் நம் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் சொதப்பும். நம் பக்கத்திலேயே இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் மாறி மாறிச் சூடாகும் ஓர் ஆட்டமும் உண்டு, அது நமக்குச் சாதகமாக இருந்தால் எல் நினோவின் அடியை ஓரளவு தாங்கும். 1997-ல் பலமான எல் நினோ இருந்தும் பெரிய பஞ்சம் வராமல் போனது அதனால்தான். 2023-ல் அந்தத் தயவு போதவில்லை. அந்த ஆகஸ்ட், 1901-லிருந்து கணக்கு வைத்ததில் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். கர்நாடகத்தில் 236 தாலுகாவில் 223 வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. எல் நினோ பழைய ஆள்தான், ஆனால் இப்போது அவன் ஏற்கெனவே சூடேறிய கடல்மேல் வந்து உட்காருகிறான், அடி பலமாக விழுகிறது.

2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காலநிலை மாற்றம்தானே காரணம்?

பாதிதான். மிச்சத்துக்கு ஊர்தான் பதில் சொல்லணும், இதை மழுப்பக் கூடாது.

மழை பொய்த்தது உண்மை. ஆனால் அந்த மார்ச்சில் காவிரி இணைப்பு உள்ள பழைய பகுதிகளில் பெரும்பாலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. அல்லாடியது யார்? 2007-ல் மாநகராட்சியில் சேர்த்த 110 கிராமங்கள், அதாவது வர்த்தூர், பேகூர் மாதிரி ஓரத்துப் பகுதிகள். அங்கே காவிரிக் குழாய் போகவில்லை, அடுக்குமாடி மட்டும் போய்விட்டது. முழுக்க போரையும் டேங்கரையும் நம்பிய வாழ்க்கை. ஊரில் இருந்த சுமார் 14,000 பொதுப் போர்களில் 6,900 வறண்டுவிட்டதாக முதல்வரே சொன்னார். டேங்கருக்கு அரசு விலை கட்டியது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய், 12,000 லிட்டர் 1,000 ரூபாய். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம்.

இனி ஏன் நிலத்தடி வறண்டது என்று கேளுங்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்குமிடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்குமிடம் சம்பங்கி ஏரி. இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழு கணக்கிட்டபடி 1970-களுக்குப் பிறகு இந்த ஊர் தன் நீர்நிலைகளில் 79 சதவீதத்தை இழந்திருக்கிறது. ஏரியை மேடாக்கி, மிச்ச மண்ணை சிமென்ட்டால் மூடிவிட்டு, மழை உள்ளே இறங்கவில்லை என்று கடலைக் குறை சொன்னால் எப்படி? சூடேறிய கடல் கதவைத் தட்டியது, தாழ்ப்பாளைப் பிடுங்கி வைத்தது நாம்தான்.

போர் எத்தனை அடி போட்டால் தண்ணீர் கிடைக்கும்?

நீரோட்டம் பார்த்துப் போர் பாயின்ட் சொல்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை நிற்க வைத்துச் சொல்வதைவிட உறுதியாக என்னால் சொல்ல முடியாது. ஆனால் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த ஊரின் அடியில் இருப்பது கருங்கல் வகைப் பாறை. மணல் படுகைபோல அகலமான நீர்த்தேக்கம் கிடையாது. மேலே உதிர்ந்த மண்ணும் சிதைந்த பாறையும் உள்ள ஒரு படலம், அதற்குக் கீழே கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே விரிசல். மேல் படலம் ஒவ்வொரு மழைக்கும் நிரம்பும், முன்காலக் கிணறுகள் அதை நம்பித்தான் ஓடின. ஆழ்விரிசலில் இருப்பது பல காலமாகச் சேர்ந்த தண்ணீர், அது திரும்ப நிரம்ப நம் ஆயுள் போதாது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடி என்று போகிறவர்கள் தோண்டுவது அந்தச் சேமிப்பைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் நூறு அடி கூடப் போட்டால் உங்கள் விரிசல் காலி. வண்டிக்காரர் குழாய் மேல் குழாய் இறக்க இறக்க வெள்ளைப் புழுதி மட்டும் பறந்து, எதிர்வீட்டு மாடிக் கொடித் துணி வரைக்கும் படிந்து, கடைசியில் அடிக்கணக்குப் பார்த்துப் பணத்தையும் எடுத்துவைக்க வேண்டியதுதான்.

திறந்த கிணறு தோண்டுவது இன்னும் பிழைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இங்கே பரம்பரையாகக் கிணறு வெட்டும் மண் ஒட்டர் சமூகத்தினர் இருக்கிறார்கள், பத்து லட்சம் கிணறு என்ற முயற்சியில் ஊர் முழுக்க அவர்கள் மீள்நிரப்புக் கிணறு வெட்டியிருக்கிறார்கள். போருக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்துவிட்டதே, இனி நிம்மதிதானே?

2024 அக்டோபரில் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல், அந்த 110 கிராமங்களுக்காகவே. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் குழாயைத்தான் கூட்டியிருக்கிறார்கள், ஆற்றைக் கூட்ட முடியாது. முதல் கட்டம் வந்தது 1974-ல். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஊர் அதைவிடப் பெரிதாகிவிடுகிறது.

அதற்கு முன்னால் நடந்ததும் ஞாபகம் இருக்கணும். 1890-களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. அது போதாமல் 1933-ல் திப்பகொண்டனஹள்ளி அணை. இரண்டுமே அர்க்காவதி ஆற்றை நம்பியவை. அர்க்காவதியின் நீர்வரத்துப் பகுதியில் போர் போட்டு, கட்டடம் கட்டி, ஆறே நின்றுபோனது. பக்கத்து ஆற்றைக் கொன்றுவிட்டுத்தான் நூறு கிலோமீட்டர் தூரத்து ஆற்றுக்குப் போயிருக்கிறோம்.

பெங்களூருக்கு நிறையத் தண்ணீர் எடுத்தால் தமிழ்நாட்டுக்குக் குறையாதா?

இங்கே இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சங்கடம், தெரியும். செப்டம்பர் மாதம் காவிரிச் செய்தி சூடாகும்போது தமிழ்நாட்டு நம்பர் வண்டியை வெளியில் எடுக்கலாமா என்று யோசித்தவர்கள் நாம்.

கணக்கைப் பார்ப்போம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75-ல் பெங்களூர்க் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி. குடிநீரின் பங்கு மொத்தத்தில் சிறியது, ஆற்றில் பெரும்பகுதியைக் குடிப்பது இரண்டு பக்கமும் வயல்தான்.

இதில் காலநிலை எங்கே வருகிறது என்றால், இந்த எண்கள் இயல்பான மழை ஆண்டுக்கானவை. 2002, 2012, 2016, 2023 என்று தகராறு முற்றிய ஆண்டுகளைப் பாருங்கள், எல்லாமே மழை ஏமாற்றிய ஆண்டுகள். நல்ல மழை ஆண்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை, அணை தானாகவே வழிந்து போகிறது. பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் இருவரும் ஒத்துப்போக மாட்டேன் என்கிறார்கள். இயல்பு ஆண்டு என்பதே அபூர்வமாகிக்கொண்டு வரும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். தஞ்சாவூரில் நிலமும் பெங்களூரில் வீடுமாக இருக்கிற குடும்பங்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

இங்கிருந்து போகும் கழிவுநீர் கடைசியில் எங்கே சேருகிறது?

கடலில். அதுவும் நம் ஊர்க் கடலில்!

பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்குப் பக்கம் விழும் தண்ணீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்குப் பக்கம் விழுவது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் இறங்கி, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூரில் வங்கக்கடலைத் தொடுகிறது. பெள்ளந்தூர் ஏரி நுரை பொங்கி ரோட்டுக்கு வந்ததும், 2017, 2018-ல் தீப்பிடித்ததும் எல்லோரும் பார்த்ததுதான். அதே நுரை கெலவரப்பள்ளி மதகில் வெள்ளை வெளேரென்று குவிவதை ஓசூர்க்காரர்களைக் கேளுங்கள், வருஷா வருஷம் பார்க்கிறார்கள். சோப்புத்தூளும் சுத்திகரிக்காத சாக்கடையும்தான் அது.

வெயில் கூடினால் இது இன்னும் மோசமாகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், ஏற்கெனவே சாக்கடை தின்றுகொண்டிருக்கும் ஆக்சிஜன் சுத்தமாகத் தீர்ந்துபோகும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சுத்திகரித்த கழிவுநீரை 2018-லிருந்து கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நிலத்தடி ஏறியிருக்கிறது என்று விவசாயிகள் சந்தோஷப்படுகிறார்கள், இன்னும் ஒரு படி கூடுதலாகச் சுத்திகரித்து அனுப்பணும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சியின் பேச்சு நியாயமாகப் படுகிறது. தங்கவயல் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் படும்.

பஞ்சம் என்கிறீர்கள், 2022-ல் வெளிவட்டச் சாலையில் படகு விட்டார்களே?

2022 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரே இரவில் 130 மி.மீ.க்கு மேல் பெய்தது. டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். மேலே சொன்ன 7 சதவீத ஈரக் கணக்கும், ஏரிக்கு ஏரி தண்ணீர் கொண்டுபோகும் ராஜகால்வாய்களின் மேல் ஏறி உட்கார்ந்த கட்டடங்களும் சேர்ந்தால் அதுதான் நடக்கும். அந்தத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கியிருந்தால்கூட அடுத்த கோடைக்கு உதவியிருக்கும்.

தென்பெண்ணை 2024 டிசம்பரில் இதைவிடப் பயங்கரமாகக் காட்டியது. ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட, விழுப்புரம், கடலூர்க் கிராமங்கள் முழுகின. சூடான கடல் புயலுக்குத் தீனி என்பது தெரிந்த விஷயம். வங்கக்கடல் அதற்குப் பேர்போனது, இப்போது அரபிக்கடலும் சேர்ந்துகொண்டது. 2017 ஒக்கி புயல் குமரிக் கடலில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று சின்னத்துறை, தூத்தூர்க் குடும்பங்களுக்குத் தெரியும்.

டம்ளரில் ஐஸ் கட்டி உருகினால் தண்ணீர் மட்டம் ஏறாதே? பனி உருகிக் கடல் ஏறும் என்பது எப்படிச் சரி?

நல்ல கேள்வி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள். மிதக்கும் பனி உருகினால் மட்டம் ஏறாது, சரிதான். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனி வேறு, அது உருகி ஓடினால் கடலுக்குப் புதிதாகத் தண்ணீர் சேருகிறது. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: தண்ணீர் சூடானால் விரியும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஏறிய கடல் மட்டத்தில் ஏறக்குறைய பாதி இப்படி வெறும் விரிவினால் வந்தது. 1901-லிருந்து 2018 வரை உலகச் சராசரி 20 செ.மீ. ஏறியிருக்கிறது, 2006-க்கும் 2018-க்கும் இடையில் வருஷத்துக்கு 3.7 மி.மீ. அளவுக்கு வேகம் பிடித்தது.

அவ்வளவு சின்ன உயர்வுக்கா கடலோரத்துச் சொந்த ஊரில் கிணறு உப்பாகிறது?

கிணறு உப்பாவதற்கு முதல் காரணம் மோட்டார்தான். கரையோரத்தில் நிலத்தடியில் நன்னீர் மேலே மிதக்கும், கடல்நீர் கனமானதால் கீழே அழுந்தி இருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அது கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் வரை கடல்நீரைத் தள்ளிப் பிடிக்கும். இதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மேலே ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால் கீழே நாற்பது மீட்டர் தடுப்பு போச்சு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் நடந்தது அதுதான். நாகை, வேதாரண்யம் பக்கம் ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் போர் ஓட்டம் கூடும், மேலே நிரப்பும் மழையும் தள்ளிப்போகும், வெளியே கடல் மெல்ல ஏறும். மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன. ஊரில் அம்மா அப்பா இருக்கிறவர்கள், கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வேக மறுத்தால் உப்பும் கடினத்தன்மையும் ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சென்னை மாதிரி கடல்நீரைக் குடிநீராக்கி பெங்களூருக்குக் கொண்டுவரலாமே?

செய்யலாம், மின்கட்டணம் கட்டுவது யார்? கடல்நீரில் ஆயிரம் லிட்டரை உப்பு நீக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் கரையிலேயே இருப்பதால் அதோடு ஓரளவு முடிகிறது. நமக்கு அதை 900 மீட்டர் மேலே தூக்கணும். பம்ப்பில் ஒரு துளி இழப்பும் இல்லை என்று வைத்தாலே அதற்கு மட்டும் 2.5 யூனிட், அப்புறம் 300 கிலோமீட்டருக்கு மேல் குழாய் உராய்வு. காவிரியை 500 மீட்டர் தூக்கவே 1.4 யூனிட், இழப்பெல்லாம் சேர்த்தால் இன்னும் கூடுதல். அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்தால் கடலை இன்னும் கொஞ்சம் சூடாக்கிக் கடல்நீரைக் குடிக்கிறோம் என்று ஆகும். நம் சாக்கடையைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது இதைவிட மலிவு, அருவருப்பைத்தான் கொஞ்சம் ஓரம் கட்டணும்.

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மத்தி மீன் சில ஆண்டு கிடைப்பதே இல்லை. அதற்கும் கடல் சூட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, முழுக்க அதுவே என்று சொல்ல முடியாது. சிவாஜிநகருக்கு வரும் மத்தியில் பெரும்பகுதி மங்களூர், மால்பே, கேரளக் கரையிலிருந்து. கேரளத்தில் 2012-ல் 4 லட்சம் டன்னுக்குப் பக்கத்தில் பிடிபட்ட நெய்மத்தி, 2021-ல் வெறும் சில ஆயிரம் டன்னுக்கு விழுந்தது. கடல் மேற்பரப்பு சூடானால் கீழேயிருந்து சத்து மேலே வருவது குறைகிறது, மத்தி தின்னும் நுண்பாசியும் குறைகிறது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டில் 20 சதவீதம் வரை நுண்பாசி குறைந்திருக்கலாம் என்கிறது ஓர் ஆய்வு. இதோடு விரல் நீளம்கூட வளராத குஞ்சுகளையும் வாரிப் போட்டுத் தீவனத்துக்கு அரைத்தது நம் பேராசை. அது கடல் சூட்டின் கணக்கில் வராது.

மீன் இடம் மாறுவதும் நடக்கிறது. முன்பு கேரளத்து மீன் என்று பேர் வாங்கிய நெய்மத்தி 1990-களுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையிலும் நிறையப் படத் தொடங்கியது.

கடல் அமிலமாகிறது என்கிறார்கள். குளித்தால் தோல் எரியுமா?

எரியாது. கடல் இன்னும் காரத்தன்மையில்தான் இருக்கிறது. நாம் விடும் கரியமில வாயுவில் நாலில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்வதால் அதன் பி.ஹெச். 8.2-லிருந்து 8.1-க்கு வந்திருக்கிறது. 0.1 என்று அலட்சியம் வேண்டாம், அந்த அளவுகோலில் அது ஏறக்குறைய 30 சதவீத அமிலக் கூடுதல். கஷ்டம் நமக்கில்லை, ஓடு கட்டும் உயிர்களுக்கு: சிப்பி, சங்கு, பவளம். மன்னார் வளைகுடாவில் பவளங்கள் 2010-லும் 2016-லும் சூட்டால் வெளுத்து நிறைய செத்தன. அங்கே இரண்டு தீவுகள் முழுகியதைக் கடல் மட்ட உயர்வுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள், ஆனால் சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்ததுதான் அதில் பெரிய காரணம்.

மாடியில் விழும் மழையைப் பிடித்தால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா?

கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 30-க்கு 40 மனையில் உங்கள் மொட்டை மாடி 900 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம், அதாவது 84 சதுர மீட்டர். 970 மி.மீ. மழையில் 81,000 லிட்டர். சிந்தியது, ஆவியானது, முதல் மழை அழுக்கு என்று ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 65,000. நாலு பேர் வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் என்று பார்த்தால் நாளுக்கு 540. நாலு மாதத் தண்ணீர்! டேங்கர் கணக்கில் 12,000 லிட்டர் வண்டி ஐந்துக்கு மேல்.

சிக்கல் என்னவென்றால் அது நாலு மாதத்துக்குப் பங்கிட்டு வருவதில்லை. ஒரு நல்ல சாயங்கால மழை 50 மி.மீ. பெய்தால் அன்றைக்கே 4,000 லிட்டர் இறங்கும், அதற்குச் சம்ப்பில் இடம் இருக்கணும். அதனால் மழைக்காலத்தில் சம்ப்பைக் காவிரியால் விளிம்பு வரை நிரப்பி வைக்காதீர்கள். வழிவதை மீள்நிரப்புக் கிணற்றுக்கு விடுங்கள்: மூன்றடி அகலம், பதினைந்து இருபது அடி ஆழம், சிமென்ட் உறை இறக்கி, அடியில் பூசாமல் விட்டது. ஏப்ரலில் மாடியைப் பெருக்குங்கள். முதல் இரண்டு மழையை வெளியே விட ஒரு திருப்பு வால்வு போடுங்கள், புறா எச்சமும் தூசியும் அதில் போய்விடும். துணி துவைத்த தண்ணீரைக் கிணற்றுக்குள் விடாதீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் உங்கள் தெரு முழுக்கத் திரும்பக் குடிக்கும்.

2009-லிருந்து இது சட்டமும்கூட. அமைப்பு இல்லாத வீடுகளுக்குத் தண்ணீர் பில்லிலேயே அபராதம் ஏறும். குழாயை மட்டும் பேருக்கு இறக்கி, கீழே தெருச் சாக்கடையில் விட்டுவிட்டு, அபராதம் தப்பித்த வீடுகளும் ஏராளம்.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், கிணறெல்லாம் வெட்ட முடியாது.

குழாய் முனையில் காற்று கலக்கும் சல்லடை ஒன்று மாட்டுங்கள். சின்னப் பித்தளைத் திருகு மாதிரி இருக்கும், சில நூறு ரூபாய்கூட ஆகாது, 2024-ல் குடிநீர் வாரியமே அடுக்குமாடிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. வேகம் குறையாத மாதிரி தெரியும், தண்ணீர் மட்டும் குறையும். அப்புறம் மாடித் தொட்டி வழிகிற சத்தம் கேட்டால் ஓனர் வரட்டும் என்று இருக்காதீர்கள். எழுந்து போய் மோட்டாரை நிறுத்துங்கள்.

ஆர்.ஓ. மெஷின் வேணுமா, வேண்டாமா?

காவிரித் தண்ணீர் மட்டும் வருகிற வீடு என்றால் வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பளவு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ.வுக்கு வேலையே இல்லை, காவிரி அதற்கு வெகு கீழே. கொதிக்க வைப்பதோ சாதாரண வடிகட்டியோ போதும். போர் அல்லது டேங்கர் என்றால் கதை வேறு: கீஸர் கம்பியில் வெள்ளையாகத் தடித்துப் படிகிறதா, பக்கெட் ஓரம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு பெங்களூர் நிலத்தடியில் சாக்கடை கசிந்து நைட்ரேட் ஏறியிருப்பது பல இடங்களில் உண்டு, கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது, உப்பு மீட்டரும் தனியாகக் காட்டாது. ஒரு தடவை பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்தத் தண்ணீரில் பால் கலக்கவே கூடாது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும். அந்த வீட்டுக்கு ஆர்.ஓ. தேவைதான். அது ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும், அந்தக் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டுப் பிடித்தால் தரை துடைக்கவும் கக்கூஸுக்கும் ஆகும். செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள், உப்பு ஏறி வாடிவிடும்.